ஒலிநூல் வல்லார் பால் வாய்ட்

தோற்றுவாய்

பெரியோர் வரலாறு என்றவுடனே நம் நெஞ்சில் முதற்கண் தோன்றுவோர் அரசரும் படைத்தலைவரும் புலவரும் திருத்தொண்டருமே ஆவர். தொழிற்கூடத்தின் ஒருபுறத்தே அமர்ந்து, காந்தமும் கம்பியும் தாளும் பசையுமாகிய எளிய பொருள்களோடு வாணாளைக் கழித்தோரை அவ்வரிசையில் வைத்தெண்ணுதல் அரிது. எனினும் அத்தகையோர் ஆக்கித்தந்த கருவிகளை நாம் நாடோறும் கையாளுகின்றோம். ஆக்கினோர் பெயரை மட்டும் அறியோம். இக்குறையைச் சிறிதேனும் நீக்கக் கருதியே, ஒலிபெருக்கிக் கலையிலே தலைசிறந்து விளங்கிய பால் வாய்ட் என்னும் ஆங்கிலநாட்டு அறிஞரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கும் ஒலிபெருக்கிக்கும் என்ன உறவு என்று அன்பர் சிலர் வினவுதல் கூடும். மொழிக்கு முதற்காரணம் ஒலியன்றோ? எழுத்துக்களின் பிறப்பைக் கூறுதற்கெனத் தொல்காப்பியனார் ஓர் இயலையே வகுத்துவைத்தார். அவ்வாறு நுணுகி வகுத்த ஒலிகள் விழாப்பந்தலிற் கட்டிய ஒலிபெருக்கியின் வாயிற் புகுந்து வெளிவருங்கால் என்ன பாடுபடுகின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். லகர ளகர ழகரங்கள் தம்முள் மயங்கி ஒன்றாகின்றன. சகரத்தின் உரசொலி வெற்றிரைச்சலாகின்றது. என்னை? லகர ளகர ழகரங்களைப் பிரித்துக் காட்டுங் கூறுகளுட் பல வினாடிக்கு 2,000, 3,000 முறை அதிரும் மேலொலிகளில் தங்கியுள்ளன. உரசொலிகளோ அவற்றினும் மேலே எழுவன. இவற்றைக் கருவி விழுங்கிவிடின் எஞ்சுவது சொல்லன்று, சொல்லின் நிழலே. ஆகவே மெய்யொலியை மெய்யாகவே ஒலிப்பிக்க முயன்ற ஒருவருடைய வாழ்க்கை மொழியை நேசிப்பார்க்கும் உரியதே.

பிறப்பும் கல்வியும்

பால் குஸ்தாவஸ் அடால்பஸ் ஹெல்முத் வாய்ட் என்பது இவரது முழுப்பெயர். சீர்திருத்தச் சபையார் போற்றிவரும் சுவீடன் நாட்டு வேந்தன் பெயரும் இதனுள் அமைந்திருத்தல் காண்க. இவர் 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், லண்டன் மாநகரின் தென்பகுதியாகிய பாரஸ்ட் ஹில் என்னுமிடத்தே பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர், மகனோ ஆங்கிலநாட்டு மண்ணிற் பிறந்தவர். 1914ஆம் ஆண்டில் முதல் உலகப்போர் மூண்டபொழுது இவருக்குப் பன்னிரண்டு வயது. பெற்றோரது தாய்நாடும் தாம் பிறந்த நாடும் போர்க்களத்தில் எதிர்நின்ற அந்நான்காண்டுகளும் இவருடைய பள்ளிப்பருவத்திலேயே கழிந்தன.

பின்னர் லண்டன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யூனிவர்சிடி காலேஜில் பொறியியல் பயின்று 1922ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் அந்நாளில் மின்பொறியியற் பேராசிரியராக வீற்றிருந்தவர், 1904ஆம் ஆண்டில் வால்வு என்னும் வெற்றிடக் குழலை ஆக்கி உலகப்புகழ் எய்திய பிளெமிங் பெருமானாவார். வால்வின் வரவாலே கம்பியில்லாத் தந்தியும் வானொலியும் புத்துயிர் பெற்றன. இவர் பட்டம் பெற்ற அவ்வாண்டின் நவம்பர்த் திங்களிலேயே ஆங்கிலநாட்டில் பி.பி.சி. என்னும் ஒலிபரப்பு நிலையம் தன் பணியைத் தொடங்கிற்று. காலமும் கல்வியும் ஒருங்கே வாய்த்த இளைஞர் இவர்.

பணியிற் புகுதல்

1922ஆம் ஆண்டிலேயே இவர் லண்டனில் பெக்கம் பகுதியில் இருந்த எடிசன் பெல் தொழிற்சாலையில் அமர்ந்தார். அத்தொழிற்சாலை கிராமபோனும் இசைத்தட்டும் செய்து விற்பது. அந்நாளில் இசைத்தட்டு எவ்வாறு பதியப்பட்டது என்பதை ஈண்டுச் சிறிது கூறுதல் வேண்டும்.

பாடகரும் கருவியாளரும் ஒரு பெருங்கொம்பின் வாயருகே நெருங்கி நின்று பாடுவர். அவர்தம் மூச்சின் வலியே கொம்பின் அடியிலுள்ள மென்தகட்டை அசைத்து, ஊசியைத் தள்ளி, மெழுகுத்தட்டில் வரிகளைக் கீறவேண்டும். மின்னின் துணை சிறிதும் இல்லை. ஆதலின் மெல்லோசை பதியாது. தாழ்ந்த சுருதியும் மிகவுயர்ந்த சுருதியும் தட்டில் ஏறா. பாடகர் உச்சக்குரல் எடுக்குங்கால் கொம்பைவிட்டுப் பின்வாங்குதலும், மெல்லப் பாடுங்கால் தலையைக் கொம்பினுள் நுழைத்தலும் வழக்கமாயிருந்தன.

இந்நிலை 1925ஆம் ஆண்டில் மாறிற்று. அமெரிக்க நாட்டில் வெஸ்டர்ன் எலெக்டிரிக் நிறுவனத்தார் ஒலிவாங்கியையும் வால்வுப் பெருக்கியையும் கொண்டு மின்வழிப் பதிவு முறையை வெளிப்படுத்தினர். பெருநிறுவனங்கள் பொருள் கொடுத்து அம்முறையை வாங்கின. எடிசன் பெல் நிறுவனத்தாருக்கோ இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயதினராகிய வாய்ட் இருந்தார். அவர் ஒலிவாங்கி, பெருக்கி, வரிகீறுங் கருவி ஆகிய அனைத்தையும் தாமே வகுத்துத் தம் தொழிற்சாலைக்குரிய மின்பதிவு முறையொன்றை ஆக்கித் தந்தார்.

இக்காலத்து நிகழ்ந்த பிறிதொன்றும் குறிக்கத்தக்கது. பெருக்கியிலிருந்து வெளிவரும் ஒலிமின்னில் ஒரு பகுதியை எதிர்முகமாகத் திருப்பி மீண்டும் உட்செலுத்தின், பெருக்கி தான் இழைத்த பிழையைத் தானே திருத்திக்கொள்ளும். எதிர்ப்பின்னூட்டம் எனப்படும் இக்கருத்து இன்று மின்னணுக் கலையின் அடிப்படைகளுள் ஒன்று. இதற்குரிய புகழ் 1927ஆம் ஆண்டில் இதனைக் கண்ட அமெரிக்கராகிய ஹரால்டு பிளாக் என்பார்க்கே சென்றது. அவர் அதனை முற்றும் ஆராய்ந்து நிலைநாட்டினார் ஆதலின் அது தகுவதே. எனினும் 1924ஆம் ஆண்டிலேயே வாய்ட் பெற முயன்ற காப்புரிமையொன்றில் இக்கருத்தின் வித்துக் காணப்படுகின்றது. வித்தை இட்டவர் ஒருவர். விளைவை அறுத்தவர் மற்றொருவர். வாய்ட்டின் வாழ்க்கையில் இது பின்னும் நிகழ்ந்தது.

இயங்கு சுருளின் வரலாறு

நல்ல பதிவு செய்தார்க்கு அப்பதிவின் நலந்தீங்குகளைக் காட்ட நல்ல ஒலிபெருக்கி வேண்டும். முகம் திருந்தியதா என்பதை மங்கிய கண்ணாடி காட்டுமோ? ஆகவே வாய்ட் ஒலிபெருக்கியின்மேல் தம் கருத்தைச் செலுத்தினார்.

இன்று நாம் காணும் ஒலிபெருக்கிகளிற் பெரும்பாலான இயங்குசுருள் வகையின. இவ்வகையின் மூலக்கருத்தை 1874ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய வெர்னர் சீமென்ஸ் காப்புரிமையாகப் பதிந்தார். 1898ஆம் ஆண்டில் ஆலிவர் லாட்ஜ் என்னும் ஆங்கில அறிஞர் அதனை மேலும் திருத்தினார். ஆயினும் சுருளை அசைத்தற்கு வேண்டிய வலிய மின்னோட்டத்தைத் தரும் பெருக்கி அந்நாளில் இல்லாமையின் அவை பயன்படாது கிடந்தன. 1925ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு ரைஸ், கெல்லாக் என்னும் இருவர் இன்றைய வடிவினதாகிய கூம்பு ஒலிபெருக்கியை வெளியிட்டனர். அவ்வாண்டுகளிலேயே வாய்ட்டும் லண்டனில் வலிய காந்தமுடைய இயங்குசுருட் கருவிகளை ஆக்கிக்கொண்டிருந்தார்.

இதன் இயல்பு எளிது. காந்தத்தின் இருமுனைகளுக்கிடையே வட்டமான குறுகிய இடைவெளி ஒன்று உண்டு. அவ்விடைவெளியில் இலேசான கம்பிச்சுருள் ஒன்று தொங்கும். ஒலிமின் சுருளிற் பாயுங்கால் காந்தம் அதனை முன்னும் பின்னும் தள்ளும். சுருளோடு ஒட்டப்பட்ட தாட்கூம்பும் அசையும். கூம்பு காற்றை அசைக்கும். காற்று நம் செவிப்பறையை அசைக்கும். கூறுதற்கு எளிதாயினும் செய்தற்கு இதிலுள்ள அருமை பெரிது.

ஒன்றே செய்க என்னும் அருமை

மனிதர் செவி வினாடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கவல்லது. 30 அதிர்வுடைய தாழ்ந்த ஒலியின் அலைநீளம் 11 மீட்டருக்கு மேற்படும். 10,000 அதிர்வுடைய உயர்ந்த ஒலியின் அலைநீளமோ மூன்றரைச் சென்டிமீட்டருக்கும் குறைவு. முன்னதை எழுப்புதற்குக் கூம்பு பெரிதாகவும், நெடுந்தொலைவு அசைவதாகவும் இருத்தல் வேண்டும். பின்னதை எழுப்புதற்கோ அது சிறிதாகவும், இறகுபோல் இலேசாகவும் இருத்தல் வேண்டும். பெரிய கூம்பு உயர்ந்த ஒலிக்கேற்ப விரைந்து அசையாது. சிறிது அசைந்தாலும் ஒலியை விளக்கொளிபோல் நேர்முகமாகவே செலுத்தும். பக்கத்தே அமர்ந்தோர்க்கு மங்கலாகவே கேட்கும். யானையின் வலியும் தும்பியின் சிறகும் ஒருங்கே உடைய ஓர் உயிரைப் படைத்தல் எங்ஙனம்?

இதற்குப் பலர் கண்ட வழி, வேலையைப் பங்கிடுதல். தாழ்ந்த ஒலிக்கு ஒரு பெரிய ஒலிபெருக்கி, உயர்ந்த ஒலிக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கி, இடையே மின்னைப் பிரித்து விடுதற்கு ஒரு சுற்று. இது தக்க வழியே; இன்றும் பெருவழக்காயுள்ளதும் இதுவே. ஆயினும் இதிலும் இடர் உண்டு. பாடுவோர் தொண்டை ஒன்று. ஆனால் அவர்தம் குரலின் ஒரு பாதி ஒருவாயிலிருந்தும் மற்றைப்பாதி வேறொரு வாயிலிருந்தும் வருகின்றது. இரண்டும் கூடுமிடத்தே காலம் சிறிது பிசகினும் குரல் இயல்பு கெடும். ஆகவே ஒரே சுருள், ஒரே காந்தம், ஒரே மையம் இவற்றிலிருந்தே முழுவீச்சும் எழவேண்டும் என்பது மற்றொரு சாராரின் நெறி. இந்நெறிக்கு முதல்வராக மதிக்கப்படுவார் வாய்ட்டே. முழுவீச்சு ஒலிபெருக்கி என இன்று ஆர்வலர் பெரும்பொருள் கொடுத்துத் தேடி வாங்கும் கருவிகளுட் பல அவர் வகுத்த வழியில் வந்தவை.

பொருளும் வடிவும்

வாய்ட் செய்துகொண்ட தேர்வுகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோற் கோத்து நிற்பவை. அவற்றை முறையே காண்போம்.

முதலாவது காந்தம். சுருளைத் தள்ளும் விசை காந்தப்புலத்தின் செறிவைப் பொறுத்தது. ஏனையோர் இயன்ற அளவிற் சிறிய காந்தத்தை வைத்துச் செலவைக் குறைக்க முயல, வாய்ட் அதனை இயன்ற அளவிற் பெரிதாக்கினார். அந்நாளில் வலிய நிலைக்காந்தங்கள் இல்லை. ஆதலின் இரும்பைச் சூழக் கனத்த கம்பிச்சுற்று அமைத்து, இடைவிடாது மின்செலுத்தும் மின்காந்தத்தையே அவர் கையாண்டார். தேனிரும்பு தாங்கக்கூடிய புலச்செறிவு ஏறத்தாழ 21,000 காஸ் என்னும் அளவோடு நின்றுவிடும். அவ்வெல்லையை நோக்கி அவர் தம் கருவிகளைக் கொண்டுசென்றார். இடைவெளி மயிரிழை அகலுமாயினும் செறிவு குறையும். மயிரிழை பிசகினும் சுருள் உராயும். எனவே இவை தேர்ந்த கையால் ஒவ்வொன்றாகச் செய்யவேண்டிய கருவிகளாயின.

வலிய காந்தத்தால் மற்றொரு நன்மையும் உண்டு. ஒலிமின் நின்றபின்பும் கூம்பு தானே ஆடிக்கொண்டிருக்குமாயின் ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையை மறைக்கும். காந்தப்புலத்தில் ஆடும் சுருளில் எதிர்மின் தோன்றி அவ்வாட்டத்தைத் தடுக்கின்றது. புலம் வலிதாயின் தடையும் வலிதாம். குதிரைக்கு விரைவைத் தருவதும் கடிவாளமாவதும் ஒரே பொருளாக அமைந்தமை வியத்தற்குரியது.

இரண்டாவது சுருள். செம்பே மின்னை நன்கு கடத்துவதாயினும் அதன் எடை மிகுதி. அலுமினியம் கடத்துந்திறனிற் குறைந்ததேயாயினும் அடர்த்தியில் செம்பின் மூன்றிலொரு பங்கிற்கும் சிறிது குறைந்தது. மின்தடை ஒன்றாகவே இருக்குமாறு இருவகையிலும் சுருள் செய்யின், அலுமினியச் சுருள் செம்புச்சுருளின் எடையிற் பாதியே நிற்கும். ஆயினும் அலுமினியத்தின் மேற்புறத்தே உடனுக்குடன் படியும் களிம்பினால் அதனைப் பற்றவைத்தல் கடினம். இடத்தையும் மிகுதியாகக் கொள்ளும். இவ்வின்னல்களைப் பொறுத்தும் இலேசான சுருளையே வாய்ட் நெறியினர் விரும்பினர்.

மூன்றாவது கூம்பு. உலோகத் தகடு விறைப்புடையது. ஆனால் தட்டிய மணிபோல் தானே ஒலிக்கும். துணி ஒலியை அடக்கும், ஆனால் குழையும். தாளோ, இலேசு, விறைப்பு, அடக்கம் என்னும் மூன்றையும் ஓரளவு உடையது. கூம்பாக வளைத்தபொழுது மெல்லிய தாளும் வலிமை பெறுகின்றது. மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்சுதல் ஒன்றே அதன் பெருங்குறை. வாய்ட் தாட்கூம்பையே கொண்டார். ஆனால் ஒரு கூம்பை வைத்த இடத்தில் இரண்டை வைத்தார். பெரிய கூம்பின் நடுவே, அதே சுருளின் விளிம்பில், விளிம்புக்கட்டு ஏதுமில்லாத சிறு கூம்பொன்றை ஒட்டினார். தாழ்ந்த ஒலிக்கு இரண்டும் ஒன்றாகவே அசையும். ஒலி உயர உயரப் பெரிய கூம்பு பின்தங்கும். அவ்வளவில் சிறியது பணியை மேற்கொள்ளும். பிரிக்கும் மின்சுற்று ஒன்றும் வேண்டியதில்லை. பொருளின் இயல்பே பிரிவினையைச் செய்துவிடுகின்றது. இந்த இரட்டைக்கூம்பு முறையை 1930ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் அவர் வகுத்தார். இன்று உலகெங்கும் விலை மலிந்த ஒலிபெருக்கிகளிலும் இதனைக் காணலாம். கண்டவர் பெயரைக் காண்டல் அரிது.

நான்காவது கொம்பு. கூம்பு சிறிதாயின் தாழ்ந்த ஒலிக்கு அது நெடுந்தொலைவு ஆடவேண்டும் என்றோம். அதனைத் தவிர்த்தற்குக் கூம்பின் முன்னே விரிந்துசெல்லும் கொம்பொன்றைப் பொருத்துதல் வேண்டும். அப்பொழுது கூம்பின் சிற்றசைவே காற்றில் நன்கு பற்றிப் பெருவொலியாகும். வெளிப்படக் கிடக்கும் சாதாரண ஒலிபெருக்கி தனக்குத் தரப்பட்ட மின்னாற்றலில் நூற்றில் ஒரு பங்கையே ஒலியாக்குவது; கொம்புடையதோ அதனிற் பன்மடங்கு ஆக்கவல்லது. ஆனால் அக்கொம்பு எவ்வடிவில் விரிதல் வேண்டும்?

ஈண்டு வாய்ட்டின் கணித நுட்பம் விளங்கும். சிறுவன் ஒருவன் தெருவின் ஓரத்தே கிடக்கும் சிறுதேரைக் கயிற்றாற் கட்டி, தான் தெருவின் நடுவே நேராக நடந்து செல்கின்றான் எனக் கொள்வோம். தேர் உடனே அவன் பின்னே வந்துவிடாது. சிறிது சிறிதாக வளைந்து தெருவின் நடுக்கோட்டை அணுகும். கயிற்றின் நீளம் மாறுவதில்லை. அத்தேர் செல்லும் தடமே டிராக்டிரிக்ஸ் என்னும் வளைவு. கொம்பினுள் ஓடும் ஒலியலைகள் தட்டையானவை அல்ல, ஒரே ஆரமுடைய கோளத்தின் பகுதிகளே என்று வாய்ட் கொண்டார். அவ்வலைகள் கொம்பின் சுவரை எங்கும் செங்கோணத்தில் தொடவேண்டுமாயின் சுவர் இவ்வளைவிலேயே அமைதல் வேண்டும். கயிற்றின் நீளமே கோளத்தின் ஆரம். இவ்வடிவக் கொம்புக்கு 1926ஆம் ஆண்டையொட்டி அவர் காப்புரிமை தேடினார். பேசும்படங்கள் 1928ஆம் ஆண்டளவில் ஆங்கிலநாட்டை அடைந்தபொழுது, படக்கொட்டகைகளுக்கென அவர் இக்கொம்புகளைப் பெரிதாகச் செய்தளித்தார்.

ஐந்தாவது இருப்பிடம். படக்கொட்டகைக்கு ஏற்ற பெருங்கொம்பை இல்லத்தில் வைத்தல் இயலாது. சிறு கொம்போ தாழ்ந்த ஒலியை விட்டுவிடும். மேலும் வலிய காந்தத்தின் தடையால் தாழ்ந்த ஒலி பின்னும் குறைவதாயிற்று. இதற்கு அவர் 1934ஆம் ஆண்டில் கண்ட வழி, அறையின் மூலையையே கொம்பின் பகுதியாக்குதல். இரு சுவர்களும் தரையும் கூடுமிடத்தே கருவியை வைத்தால், அச்சுவர்களே கொம்பின் தொடர்ச்சியாக ஒலியை அறைமுழுதும் விரிக்கும். ஒலிபெருக்கி மேல்நோக்கி ஒலிக்க, வளைந்த பலகையொன்று அவ்வொலியை அறைக்குள் திருப்பும். கூம்பின் பின்புறத்து ஒலி வீணாகாமல் அடியிலுள்ள அறையின் வழியே சென்று தாழ்ந்த ஒலிக்குத் துணைபுரியும். ஒரு தேர்வினால் விளைந்த குறையை மற்றொரு தேர்வு நிரப்பும் முறைமை இதில் இனிது விளங்குகின்றது. மூலைக்கொம்பு என்னும் இக்கருவி இசையன்பர் சிலருடைய இல்லங்களில் நெடுங்காலம் நிலைத்து நின்றது.

இடரும் இடப்பெயர்ச்சியும்

1929ஆம் ஆண்டில் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சி இசைத்தட்டுத் தொழிலைக் கடுமையாகத் தாக்கிற்று. பெருநிறுவனங்களே 1931ஆம் ஆண்டில் ஒன்றோடொன்று இணைந்து உயிர்பிழைத்தன. எடிசன் பெல் நிறுவனமோ 1933ஆம் ஆண்டில் வீழ்ந்தது. பதினொரு ஆண்டு உழைத்த இடம் மூடப்பட்டது. வாய்ட் மனந்தளராமல் அவ்வாண்டிலேயே வாய்ட் பேட்டண்ட்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தம் பெயரால் தென்லண்டனில் சிடனம் என்னுமிடத்தே நிறுவினார். மேற்கூறிய இரட்டைக்கூம்பும் மூலைக்கொம்பும் இச்சிறு கூடத்திலிருந்தே வெளிவந்தன. அவை மிகப்பல விற்கவில்லை. கருவியின் எடையும் விலையும் பெரிது. அதனை ஓட்டுதற்கு நல்ல பெருக்கியும் நல்ல வானொலிப்பெட்டியும் வேண்டும். இவற்றைச் செய்து உதவியவர் லோதர் என்னும் நண்பர். அவரோடு தொடர்புடையவராய் டொனால்டு சேவ் என்னும் இளைஞரும் வந்து சேர்ந்தார்.

1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இரும்பும் செம்பும் படைக்கருவிகளுக்கே போதாத காலத்தில் இசைக்கருவிக்கு இடமேது? பணி நின்றது. போர் முடிந்தபொழுது உலகம் மாறியிருந்தது. 1931ஆம் ஆண்டில் ஜப்பானியராகிய மிஷிமா கண்ட அலுமினிய நிக்கல் உருக்கிலிருந்து வளர்ந்த வலிய நிலைக்காந்தங்கள் எங்கும் கிடைத்தன. இடைவிடாது மின்னை உண்டு வெம்மை கக்கும் மின்காந்தம் இனி வேண்டாவாயிற்று. வாய்ட்டின் ஒலிபெருக்கியை நிலைக்காந்தத்தோடு மீண்டும் வகுக்கும் பணியில் சேவ் முன்நின்றார். லோதர் என்னும் பெயரால் அக்கருவிகள் பின்னர் உலகப்புகழ் பெற்றன.

வாய்ட்டோ 1950ஆம் ஆண்டில் தம் மனைவியாரோடு ஆங்கிலநாட்டை விட்டுக் கனடா சென்றார். அப்பொழுது அவருக்கு நாற்பத்தெட்டு வயது. இருபத்தெட்டு ஆண்டுகள் தாம் பாடுபட்ட கலையைப் பிறர் கையில் விட்டுவிட்டுப் புதுநாட்டிற் புதுவாழ்வு தொடங்குதல் எளிதன்று. அங்கே ஒலிபெருக்கித் தொழிலை அவர் மீண்டும் நிறுவவில்லை. மின்னணுக் கலையைக் கற்பித்தும், பின்னர்க் கனடா அரசாங்கத்தின் வானொலித் துறையில் பணிபுரிந்தும் தம் நாட்களைக் கழித்தார். ஓய்வுபெற்றபின் ஒண்டாரியோ மாகாணத்திலே பிரைட்டன் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, 1981ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தம் எழுபத்தொன்பதாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

நிறையும் குறையும்

ஒருவர் வரலாறு எழுதுவார் நிறையை மட்டும் கூறிக் குறையை மறைத்தல் முறையன்று. இரட்டைக்கூம்பு ஒலிபெருக்கிகள் நடுச்சுருதிக்கு மேலே சில ஒலிகளை மிகுத்தும் சிலவற்றைக் குறைத்தும் காட்டும் என்பர் அளந்து பார்த்தோர். கொம்பும் மூலையும் துணைசெய்யாவிடின் தாழ்ந்த ஒலி மெலியும். வேலையைப் பங்கிடும் முறையும் பிற்காலத்தில் மிகத் திருந்திவிட்டது. ஆதலின் ஒன்றே போதும் என்னும் நெறியை அனைவரும் ஏற்றாரல்லர்.

ஆயினும் அந்நெறி அழியவில்லை. ஜார்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளர் மெல்லிய அலுமினியக் கூம்பினாலே முழுவீச்சு ஒலிபெருக்கி செய்து காட்டினார். ஜப்பானில் ஒரு தொழிற்சாலையார் தாட்கூழில் வாழைநாரைக் கலந்து கூம்பு வார்த்தனர். 1980ஆம் ஆண்டுகளில் வந்த நியோடிமியக் காந்தம் கைப்பிடியளவிலேயே பெரும் புலத்தைத் தந்தது. வியப்பு யாதெனின், இவ்வளவு வளர்ச்சிக்குப் பின்னும் விலையுயர்ந்த கருவிகள் செய்வார் சிலர் வாய்ட் கையாண்ட பழைய மின்காந்தத்தையே மீண்டும் நாடியதுதான். தாமே மரம் அறுத்து ஒலிப்பெட்டி செய்துகொள்ளும் ஆர்வலர், ஒருபுறம் குறுகி ஒருபுறம் விரிந்த குழலொன்றை இன்றும் வாய்ட் குழல் என்றே வழங்குகின்றனர். அவர் பெயர் நிலைத்த இடங்களில் அதுவும் ஒன்று.

முடிவுரை

வாய்ட் பெருஞ்செல்வம் ஈட்டியவர் அல்லர். எதிர்ப்பின்னூட்டத்தின் புகழ் பிறரைச் சேர்ந்தது. இரட்டைக்கூம்பு பெயரின்றிப் பரந்தது. தாம் வளர்த்த கருவி மற்றொருவர் பெயரால் உலகை வலம்வந்தது. உலகியல் நோக்கினார் இதனைத் தோல்வி என்பர். நமது திருமறையில் தாலந்தை நிலத்திற் புதைத்து வைத்தவன் கடிந்துகொள்ளப்பட்டான். தாலந்தை வாணிகத்தில் இட்டுப் பெருக்கியோர் பாராட்டப்பட்டனர். அப்பெருக்கம் யார் பெயரால் எழுதப்பட்டது என்று அங்கே கேட்கப்படவில்லை. தமக்கு அளிக்கப்பட்டதை வாய்ட் புதைக்கவில்லை என்பது தெளிவு.

அவருடைய வாழ்க்கையினின்று மாணவராகிய நாம் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. கூம்பு தனக்கென ஓர் ஒலி உடையதாயின் அது கெட்ட கூம்பு. பாடுவோர் குரலை அப்படியே தந்து, தான் இருப்பதே தோன்றாமல் மறைந்து நிற்பதே நல்ல கூம்பு. அதன்பொருட்டே அவர் காந்தத்தை வலிதாக்கினார், சுருளை இலேசாக்கினார், சுவரையும் மூலையையும் துணைக்கழைத்தார். பிறர் குரலைப் பிழையின்றிக் கொண்டு சேர்க்கும் தொண்டு ஆசிரியர்க்கும் உரியது, உரையாசிரியர்க்கும் உரியது, நற்செய்தி கூறுவார்க்கும் உரியது. அத்தொண்டில் தம் குரலை மிகுத்துக் காட்டாதவரே சிறந்தவர். தாம் செய்த கருவியைப் போலவே தாமும் மறைந்து நின்ற பால் வாய்ட்டை, நல்லிசை கேட்டு மகிழும்போதெல்லாம் நாம் ஒருகணமேனும் நினைவுகூர்தல் நன்றியறிதலாகும்.